பிஸ்மத் குடும்பம்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
9 மார்ச் 1937

மிஸ்டர் முத்துலிங்கம் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. போன கிழமை வெள்ளவத்தை மார்க்கட்டில் உம்முடைய அம்மாவைக் கண்டேன். "தம்பி அங்க போய் நல்லாய் வெளுத்திட்டானாம் பிள்ளை" என்றா. உம்மைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

தமிழில் எழுதுகிறேனென்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினால் நீர் என் வசனங்களில் பிழை பிடித்துக்கொண்டிருப்பீர், விஷயத்துக்கு வரமாட்டீர். கல்லூரியில் நாலு வருஷம் பக்கத்து மேசையில் நின்று வேலை செய்தவள் நான். உம்மை எனக்குத் தெரியும். கடைசிப் பரீட்சையில் முதலாவது நான், இரண்டாவது நீர். ஒரு பெண்பிள்ளை தனியே கப்பலேறுவது சரியில்லையென்று குழு சொல்லிவிட்டதால் இங்கிலாந்துப் புலமைப்பரிசில் உமக்கு வந்தது. கப்பலில் வழிநெடுக வாந்தி எடுத்தீரென்று கேள்விப்பட்டேன். மனம் கொஞ்சம் ஆறிற்று.

எனக்கு வேண்டியது நீர் அல்ல, உம்முடைய ஆய்வுகூடத்தில் இருக்கும் குளிர். ஹீலியத்தைத் திரவமாக்கும் இடங்களை உலகத்தில் விரல் விட்டு எண்ணலாம். எங்களுக்குக் கொழும்பில் ஐஸ் வண்டிதான். அந்தக் குளிரில் இறக்கினால் ஈயம், வெள்ளீயம் போன்ற சில உலோகங்கள் மின்தடையை அடியோடு விட்டுவிடும். ஒரு தரம் ஓடவிட்ட மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு மீக்கடத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். நீர் சிரித்தாலும் பெயர் அதுதான்.

பொன் தனியே மீக்கடத்தி அல்ல. பிஸ்மத்தும் அல்ல. ஆனால் இரண்டையும் உருக்கிச் சேர்த்தால் வரும் சேர்மம் மீக்கடத்தி. இதை ஒல்லாந்தர் கண்டுபிடித்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாரும் அதை ஏதோ அபூர்வப் பிறவியென்று வியந்துவிட்டுப் போய்விட்டார்கள். பொன்னோடு சேர்ந்து செய்ததைப் பிஸ்மத் வேறொரு உலோகத்தோடு சேர்ந்தும் செய்யும் என்கிறேன் நான். ஒன்று இருந்தால் ஒரு குடும்பமே இருக்க வேண்டும்.

இத்துடன் மூன்று துண்டுகள் வருகின்றன. பிஸ்மத்தோடு மக்னீசியம், பிஸ்மத்தோடு மங்கனீஸ், பிஸ்மத்தோடு நிக்கல். கல்லூரி உலையில் கண்ணாடிக் குழாயில் காற்றில்லாமல் மூடி உருக்கினேன். மக்னீசியத் துண்டில் ஈரக்காற்றுப் பட்டால் பொடிப்பொடியாய் உதிர்ந்துவிடும். ஆகையால் மூன்றையும் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே போடுகிற தாளில் வழக்கம்போல இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். கொச்சிக்கடைத் தேயிலைக் கிட்டங்கியில் வேலை செய்யும் தாஸிம் நானா வெட்டித் தந்தார். "மிஸி, இதுக்குள்ள வெச்சா கடல்தண்ணியும் உள்ளுக்கு வராது" என்றார்.

இறக்கிப் பாரும். அதிகம் யோசிக்காதேயும், அது உமக்கு வராது.

செலீன்

*

இங்கிலாந்து
16 ஏப்ரல் 1937

மிஸ் செலீன்,

உம்முடைய பார்சலும் அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளும் ஒரே கப்பலில் வந்தன. இரண்டும் ஒரே மாதிரிச் சுற்றியிருந்தன. எது கறிக்கு, எது விஞ்ஞானத்துக்கு என்று மோந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உண்மையைச் சொன்னால், மிளகாய்த்தூளில் எனக்கு நம்பிக்கை கூட.

நிக்கலா? உமக்கு விசரா? நிக்கல் இரும்புக்கு உடன்பிறப்பு, காந்தத்தில் போய் ஒட்டுகிற சாதி. காந்தம் கிட்டப் போனாலே மீக்கடத்திகளுக்கு (சொல்லைக் கடன் வாங்கிக்கொள்கிறேன், என்ன அழகான சொல்) உயிர் போய்விடும். மங்கனீஸும் அப்படித்தான். இங்கே முதல் வருஷத்துப் பெடியனுக்கும் தெரிந்த விஷயம் இது. பிஸ்மத்தை எங்கே எடுத்தீர் என்றும் எனக்குத் தெரியும்: கோட்டை மருந்துக் கடையில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற தூளை வாங்கிக் கரியோடு வறுத்திருப்பீர். இங்கே பிஸ்மத் முத்திரை வைத்த போத்தலில் வருகிறது.

இருந்தாலும் நான் கெட்ட மனுஷன் அல்ல. ஹீலியம் எடுக்கிற நாளில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். எனக்கு மூலையில் கொஞ்சம் இடம் கிடைக்கும்போது உம்முடையதையும் இறக்குகிறேன். ஏதாவது வந்தால், வராது, அளந்தவன் பெயரில்தான் கட்டுரை போகும். உருக்கித் தந்தவர்களுக்குக் கட்டுரையின் அடியில் ஒரு நன்றி வரி இருக்கும். இங்கே அதுதான் வழமை. உம்முடைய கொட்டாஞ்சேனைச் சட்டம் இங்கே செல்லாது.

மு. முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை
11 மே 1937

மிஸ்டர் முத்துலிங்கம்,

வயிற்றுப்போக்குத் தூளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதை மூன்று தரம் உருக்கிச் சுத்தம் செய்தேன். உம்முடைய முத்திரை வைத்த போத்தலைத் திறந்தாவது பார்த்தீரா, முத்திரையைக் கண்டதும் வணங்கிவிட்டீரா?

காந்தக் கதை எனக்கும் தெரியும். நிக்கல் தனியே இருந்தால் காந்தத்துக்கு ஓடும். மூன்று பங்கு பிஸ்மத்தைச் சேர்த்து உருக்கிய பிறகு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன், அசையவில்லை. கலியாணம் முடித்த பிறகும் ஆள் பழைய ஆளாகவே இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லையே.

இனி வழமையைப் பற்றி. உமக்கு அது நன்றி வரி, எனக்கு அது என்னவென்று சொல்லுகிறேன், கேளும். நான் இங்கே மாணவருக்குச் செய்முறை காட்டுகிற தற்காலிக டெமோன்ஸ்ட்ரேட்டர். உலை இருக்கும் அறையை டிசம்பரில் என்னிடமிருந்து எடுக்கப்போகிறார்கள். என் பெயரில் அச்சான கட்டுரை ஒன்று அதற்குள் கல்லூரி அதிபரின் மேசைக்கு வந்தால் அறையும் வேலையும் எனக்கு. இல்லாவிட்டால் கொன்வென்ட்டுக்குத் திரும்பிப்போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படிப்பிக்க வேண்டும், நகம் வெட்டினீர்களா, தலை வாரினீர்களா என்று. ஏற்கெனவே இரண்டு வருஷம் செய்தேன். மூன்றாவது வருஷம் செய்தால் எனக்கே பேன் வந்துவிடும்.

ஆகையால் என் பெயரும் கட்டுரையில் வர வேண்டும். உம்முடைய பெயருக்குப் பின்னால் வந்தாலும் சரி. கெஞ்சுகிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளும். என்னுடைய அம்மா கேட்டா, "வெள்ளவத்தைப் பெடியன் என்னவாம் எழுதியிருக்கிறான்?" என்று. உலகத்திலேயே தான் ஒருவன்தான் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறான் என்றேன். "அப்ப ஆள் மாறேல்ல" என்றா.

செலீன்

*

இங்கிலாந்து
3 ஆகஸ்ட் 1937

மிஸ் செலீன்,

உட்கார்ந்துகொண்டு வாசியும்.

மூன்றும்! மூன்றும் மின்தடையை விட்டுவிட்டன! ஊசி பூச்சியத்தில் போய் விழுந்ததைக் கண்டதும் தொப்பியைத் தூக்கி எறிந்தேன், அது பேராசிரியரின் தேநீரில் விழுந்தது. ஒருவரும் கோபிக்கவில்லை. மூன்றும் ஏறக்குறைய ஒரே புள்ளியில், இனிக் குளிரவே முடியாத முழுப் பூச்சியத்துக்கு மேல் ஏழு டிகிரியில், விழுகின்றன. குடும்பம் என்று நீர் ஏதோ எழுதியிருந்தீர் அல்லவா? அது உமக்குக் குருட்டுவாக்கில் சரியாய் வந்திருக்கிறது. விளக்கம் மட்டும் என்னுடையது. ஈயமும் ஏழு டிகிரியில்தான் தடையை விடும். மூலகங்களின் அட்டவணையில் பிஸ்மத் ஈயத்துக்கு அடுத்த வீட்டுக்காரன். சரியான துணை கிடைத்தால் அது அயலவனைப் போலவே நடக்கிறது. துணை யார் என்பது முக்கியமேயில்லை! இதைக் கேட்டுப் பேராசிரியர் என் தோளில் தட்டினார். இங்கே ஒருவர் தோளில் ஒருவர் லேசில் தட்டமாட்டார்கள்.

கட்டுரையை அனுப்பியாயிற்று. அவசரம், ஒல்லாந்தர் முந்திவிடுவார்கள். உம்முடைய பெயரைப் பற்றிப் பேராசிரியரிடம் கதைக்க நேரம் இருக்கவில்லை. "துண்டுகளைச் செய்து உதவிய இலங்கைப் பெண்மணி ஒருவருக்கு நன்றி" என்று அடியில் போட்டிருக்கிறேன். கல்லூரியில் அதைக் காட்டும். பெண்மணி யாரென்று அவர்களுக்கு விளங்காமலா போகும்?

அவசரத்தில்,
முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை
27 ஆகஸ்ட் 1937

மிஸ்டர் முத்துலிங்கம்,

இலங்கைப் பெண்மணி எழுதுகிறாள்.

உம்முடைய கடிதத்தை வாசித்ததும் சந்தோஷம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்புத்தான் இன்னும் நிற்கவில்லை. மக்னீசியம் ஒரு சாதி, மங்கனீஸ் ஒரு சாதி, நிக்கல் இன்னொரு சாதி. மூன்று பேரும் ஒரே டிகிரியில் விழுந்தார்களாம், அது குடும்ப லட்சணமாம். எந்தக் குடும்பத்தில், காணும், எல்லாருக்கும் ஒரே உயரம்? ஏழு டிகிரி ஈயத்தின் இலக்கம் என்று நீரே எழுதிவிட்டு, ஈயம் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே!

தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற தாள் எதனால் செய்தது? இங்கே குழந்தைக்கும் தெரியும், ஈயத்தாள். சீனி, கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் அதில் சுற்றித்தான் எங்கள் வீடுகளில் அனுப்புவோம். நானும் சுற்றினேன், நீரும் பிரித்தீர், இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவேயில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் அந்தப் பார்சலைப் பிரித்திருந்தால் "இது என்ன?" என்று கேட்டிருப்பான். மூன்று கிழமை கப்பல் ஆட்டத்தில் மெத்தென்ற ஈயம் துண்டுகளின் மேல் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. இன்று இங்கே மிச்சமிருந்த ஒரு துண்டைத் தாளில் சுற்றி உருட்டிப் பார்த்தேன். விரலெல்லாம் கறுப்பு, துண்டின் மேலேயும் பளபளவென்று ஒரு பூச்சு. நீர் அளந்தது அந்தப் பூச்சை.

சுற்றியது நான். அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. ஆனால் மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்று பாராமல், துடைக்காமல், குளிருக்குள் போட்டது நீர். உடனே கட்டுரையைத் திருப்பி எடும். வானஞ்சல் என்றபடியால் இது பத்து நாளில் கிடைக்கும்.

செலீன்

*

இங்கிலாந்து
20 அக்டோபர் 1937

செலீன்,

திருப்பி எடுக்கவில்லை. உம்முடைய கடிதம் வந்தபோது கட்டுரை அச்சில் இருந்தது. பொறாமையில் எழுதுகிறீர் என்று நினைத்தேன். அதில் என்ன பிழை? நீரும் நானும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது எல்லாம் அந்த ராகத்தில்தானே?

அச்சில் வந்து இரண்டாம் கிழமை ஒல்லாந்தர் எழுதினார்கள். மரியாதையான கடிதம். "இந்தத் துண்டுகளுக்கு அருகே எங்கேயாவது ஈயம் இருந்ததா?" அவ்வளவுதான் கேள்வி. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பார்சலைக் கொண்டுவரச் சொன்னார். தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கறுத்த நகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது தேநீர் வேளையில் "இலங்கைத் தேயிலை ஏழு டிகிரியில் தடையில்லாமல் ஓடுமாமே" என்று பகிடி பண்ணுகிறார்கள், அது ஒல்லாந்து வரை போய்விட்டதாம். ஹீலியம் எடுக்கிற நாட்களில் வரிசையில் என் பெயர் இல்லை.

சுற்றியது நீர். நான் பேராசிரியரிடம் சொன்னேன், "துண்டுகளைச் செய்து அனுப்பியது கொழும்பில் ஒரு பெண், பிழை அங்கே நடந்தது" என்று. அவர் கட்டுரையை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். "அந்தப் பெண்ணின் பெயர் இங்கே எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் பிழை முழுக்க உன்னுடையது" என்றார்.

ஒரு உதவி செய்யும். "ஈயத்தாளில் சுற்றியது நான்தான், முத்துலிங்கத்துக்கு அறிவிக்கவில்லை" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பும். உமக்கு அதனால் என்ன நட்டம்? உம்மை இங்கே ஒருவருக்கும் தெரியாது.

முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை
2 நவம்பர் 1937

முத்துலிங்கம்,

என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஓம், அதற்கு உம்முடைய உபகாரத்தைத்தான் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பென்றால் பெயரில்லாத பெண்மணி, பிழையென்றால் பெயரும் கையெழுத்தும் வேண்டும். நல்லாயிருக்கிறது உம்முடைய இங்கிலாந்து வழமை! கையெழுத்து வராது.

அறிவிக்கவில்லையாம். தேயிலைப் பெட்டித் தாளில் சுற்றினேன், தாஸிம் நானா வெட்டித் தந்தார் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீர் அதை வாசித்த நேரத்தில் மிளகாய்த்தூளை மோந்துகொண்டிருந்தீர்.

அழுது முடிந்தால் இனி வேலையைப் பாரும். துண்டுகள் இன்னும் உம்மிடம் இருக்கின்றன. ஈயம் மேலேதான் ஒட்டியிருக்கிறது, உள்ளே போயிருக்காது. அவை கண்ணாடி மாதிரி நொறுங்கும். உடைத்து, நடுவிலிருந்து காற்றும் கையும் படாத துண்டை எடும். இடுக்கியைக் கழுவிவிட்டுப் பிடியும். ஹீலியத்துக்கு வரிசையில் இடமில்லாவிட்டால் யாருடைய காலையாவது பிடித்து, அவருடைய பாத்திரத்தின் மூலையில் தொங்கவிடும். உமக்கு முதுகு வளையாது என்று தெரியும், ஆனாலும் இந்த வயதில் ஒரு தரம் வளைத்துப் பார்க்கலாம்.

டிசம்பர் வருகிறது. எனக்கு வேறு குளிர் இல்லை, அதனால் இன்னும் உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செலீன்

*

இங்கிலாந்து
14 ஜனவரி 1938

செலீன்,

காலைப் பிடித்தேன். ஹீலியம் எடுக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு மூன்று சனிக்கிழமை பாத்திரம் கழுவிக் கொடுத்தேன், அம்மாவின் மிளகாய்த்தூளையும் கொடுத்தேன். அவன் வேறொருவருடைய பாத்திரத்தில் ஒரு மூலை தந்தான்.

நீர் சொன்னபடியே உடைத்தேன். ஈயம் இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஏழு டிகிரியில் நிறுத்தினேன். மூன்றும் சும்மா இருந்தன, ஒரு அசைவும் இல்லை. ஆக, ஈயம் இல்லை. மேலும் குளிர வைத்தேன். மக்னீசியம் ஒன்றுமில்லை. மங்கனீஸ் ஒன்றுமில்லை. நாலு டிகிரிக்குக் கிட்ட வந்தபோது நிக்கல் விழுந்தது. ஊசி பூச்சியத்தில் நின்றது. சூடாக்கினேன், ஏறியது, குளிர வைத்தேன், விழுந்தது. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், தடை திரும்பி வந்தது, எடுத்தேன், போய்விட்டது. வேறு துண்டு உடைத்துத் திரும்பச் செய்தேன். அதே நாலு டிகிரி.

நிக்கல், செலீன். இரும்புக்கு உடன்பிறப்பு என்று நான் நையாண்டி பண்ணின நிக்கல். இந்தத் தரம் தொப்பியை எறியவில்லை. தனியே நின்று சிரித்தேன், பிறகு மூக்கைச் சிந்தினேன்.

பேராசிரியரிடம் போனேன். அவர் இலக்கங்களைப் பார்க்கக்கூட இல்லை. "இந்த முறை என்ன தேயிலை?" என்று கேட்டார். என் பெயர் போட்ட தாளை இனி எந்தப் பத்திரிகையும் தொடாது என்றார். ஆகையால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இலக்கங்கள் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். உம்முடைய பெயரில் மட்டும் எழுதும். என் பெயரை விட்டுவிடும், நன்றி வரியில்கூட வேண்டாம். இது உம்முடையது. முதலிலேயே உம்முடையதுதான்.

டிசம்பர் முடிந்துவிட்டது என்று தெரியும். அறை என்னவாயிற்று என்று கேட்கப் பயமாயிருக்கிறது.

முத்துலிங்கம்

*

கொட்டாஞ்சேனை
8 பெப்ரவரி 1938

முத்துலிங்கம்,

அறை போய்விட்டது. உலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே கிரிக்கெட் பாயைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நான் கொன்வென்ட்டில் நகம் பார்க்கிறேன். உம்முடைய கடிதம் வந்த அன்று நாற்பது பிள்ளைகளுக்குப் பல் விளக்குவது பற்றிப் பாடம். பாடத்துக்கு நடுவில் கடிதத்தைப் பிரித்து, அழுதுவிட்டேன். "டீச்சருக்குப் பல்லு நோகுதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஓம் என்றேன்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்து "மன்னியும்" என்ற சொல்லைத் தேடினேன், காணவில்லை. பரவாயில்லை. உம்மிடமிருந்து அது வந்திருந்தால் கையெழுத்து வேறு யாருடையதோ என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

கட்டுரையை எழுதி ஒல்லாந்தருக்கு நேரே அனுப்பிவிட்டேன். நிக்கல் உருக்கிய குழாய்கள் இரண்டில் ஒன்றை நான் உடைக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அதை எந்தத் தாளிலும் சுற்றாமல், மூடிய கண்ணாடியோடு, பஞ்சு அடைத்து அனுப்பியிருக்கிறேன். உம்முடைய இலக்கங்கள் எல்லாம் கட்டுரையில் இருக்கின்றன. ஆனால் நீர் சொன்னபடி செய்யவில்லை. பெயர்கள் இரண்டு. முதலில் முத்துலிங்கம், பிறகு செலீன்.

பெருந்தன்மை என்று நினைத்துக் கண்ணைக் கசக்க வேண்டாம். யோசித்துப் பாரும். கொட்டாஞ்சேனை டீச்சர் ஒருத்தி அனுப்பிய சாம்பல்நிறத் துண்டை ஹீலியத்தில் இறக்க அவர்களுக்கு என்ன அவசரம்? காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைப்பார்கள். முத்துலிங்கம் என்ற பெயரைக் கண்டால் கதை வேறு. தேயிலைக்காரன் திரும்ப வந்திருக்கிறான், இந்த முறை நிக்கலோடு வந்திருக்கிறான் என்று ஆய்வுகூடமே கூடிச் சிரிக்கும். உம்மை இரண்டாம் தரமும் முட்டாளாக்கிப் பார்க்கிற ஆசையில் அன்றைக்கே இறக்குவார்கள். ஈயம் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாலும் அவ்வளவு கவனமாய் அளந்திருக்க மாட்டோம். தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் நிற்கும்போது, நாலு டிகிரியில் ஊசி விழும்.

உம்முடைய பெயருக்கு இப்போது உலகத்தில் வேறு ஒரு பிரயோசனமும் இல்லை. இதற்காவது உதவட்டும்.

செலீன்